வகுப்பறையில் பணக் கணக்கு: நிதி அறிவு கற்பிக்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

தமிழ்நாட்டில் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்குப் பண நிர்வாகத்தைச் சொல்லிக்கொடுக்க முதன்முறையாக முன்வரும் ஆசிரியர்களுக்காகவும், வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின் பக்கத்துப் பள்ளிக்குப் போய் வகுப்பெடுக்க விரும்பும் பெரியவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். அரசுப் பள்ளியில் சில ஆண்டுகளாக இந்த வகுப்பை நடத்தியதில் எனக்கு ஒன்று உறுதிப்பட்டிருக்கிறது. பிள்ளையின் வீட்டில் ஏற்கெனவே புழங்கிக்கொண்டிருக்கும் பணத்திலிருந்துதான் பாடம் தொடங்க வேண்டும். அம்மா மகளிர் குழுவில் வாங்கிய கடன், தினத் தவணைக்குக் கடன் கொடுக்கும் தண்டல்காரரிடம் அப்பா வாங்கிய பத்தாயிரம், அடகுக் கடையில் இருக்கும் தோடு, பக்கத்து வீட்டு அக்கா பிடிக்கும் தீபாவளிச் சீட்டு ஆகியவையே அந்தப் பிள்ளை அன்றாடம் காதில் வாங்கும் நிதிச் செய்திகள். இவற்றை விட்டுவிட்டுப் பங்குச் சந்தையையும் பரஸ்பர நிதியையும் முதல் நாளிலேயே பேசினால், பிள்ளைகள் மரியாதைக்காகக் கேட்டுக்கொள்வார்களே தவிர, வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள்.

தொடங்குமுன் செய்ய வேண்டியவை

முதலில் ஒரு கட்டுப்பாட்டை வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பிள்ளையிடமும் வீட்டு வருமானம் எவ்வளவு, கடன் எவ்வளவு என்று வகுப்பில் கேட்கக் கூடாது. எழுதிக்கொண்டு வரவும் சொல்லக் கூடாது. கடன் என்பது நம் ஊர்களில் மானத்தோடு சேர்ந்தது. ஒரு பிள்ளையின் வீட்டு நிலை நாற்பது பேருக்குத் தெரிந்துவிட்டால் அந்தப் பிள்ளை அதன் பிறகு உங்கள் வகுப்புக்கு மனத்தால் வரவே வராது.

அதற்குப் பதிலாக, முதல் வகுப்பில் எல்லோரும் சேர்ந்து ஒரு கற்பனைக் குடும்பத்தை உருவாக்கட்டும். எங்கள் வகுப்பில் அந்தக் குடும்பம் திருப்பூரில் இருக்கிறது. தாய் பனியன் நிறுவனத்தில் தைக்கிறார். சனிக்கிழமை தோறும் சம்பளம் வரும். தந்தை சரக்கு ஆட்டோ ஓட்டுகிறார். அவருடைய வருமானம் ஒரு வாரம் போல் மறு வாரம் இருக்காது. பத்தாம் வகுப்பில் ஒரு மகள், ஏழாம் வகுப்பில் ஒரு மகன், ஊரில் ஒரு பாட்டி. வாடகை, மளிகை, எரிவாயு உருளை, டீசல், பாட்டியின் மருந்து என்று செலவுகளைப் பிள்ளைகளே அடுக்குவார்கள். யாருடைய வீட்டையும் சுட்டாமல் எல்லோருடைய வீட்டையும் பேசுவதற்கு இந்தக் குடும்பம் இடம் தரும். ஆண்டு முழுவதும் எல்லாக் கணக்கையும் இந்தக் குடும்பத்துக்கே போடுங்கள்.

நேரம் கிடைக்காது என்ற கவலை தலைமையாசிரியருக்கு இருக்கும். பன்னிரண்டு பாடவேளைகள் போதும். தவிர, பாடநூலிலேயே இதற்கு இடம் இருக்கிறது. ஏழாம் வகுப்புக் கணக்கில் விழுக்காடும் தனி வட்டியும், எட்டாம் வகுப்பில் வாழ்வியல் கணிதத்தில் கூட்டு வட்டியும், எட்டாம் வகுப்புச் சமூக அறிவியலில் பணமும் சேமிப்பும், ஒன்பதில் பணமும் கடனும், பத்தில் அரசாங்கமும் வரிகளும் வந்துவிடுகின்றன. புதிய பாடம் ஒன்றைத் திணிப்பதாகச் சொல்லாமல், படித்த கணக்கை வாழ்க்கையில் போட்டுப் பார்ப்பதாகச் சொன்னால் அனுமதி எளிதில் கிடைக்கும்.

முதல் படி: செலவை எழுதுதல்

இரண்டு வாரங்களுக்குத் தன் கையில் வந்த காசையும் தான் செலவிட்ட காசையும் ஒவ்வொரு மாணவரும் ஒரு குறிப்பேட்டில் எழுத வேண்டும். வீட்டுச் செலவு வேண்டாம், தன்னுடையது மட்டும் போதும். பத்து ரூபாய்ப் பொட்டலமும் செல்பேசி ரீசார்ஜும் எத்தனை முறை வந்தன என்று அவர்களே கூட்டிப் பார்க்கட்டும்; நீங்கள் கருத்துச் சொல்ல வேண்டாம். கையில் காசே வராத பிள்ளைகளும் வகுப்பில் இருப்பார்கள் என்பதால் குறிப்பேட்டைத் திருத்தவோ மதிப்பெண் போடவோ கூடாது. இந்தப் படியை இதற்கு மேல் நீட்டவும் தேவையில்லை.

இரண்டாம் படி: வங்கிக் கணக்கும் பாஸ்புக்கும்

ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 10 வயது நிறைந்த சிறார் தாமே சேமிப்புக் கணக்கைத் தொடங்கி இயக்கலாம். எவ்வளவு தொகை வரை, எந்தெந்த வசதிகளோடு என்பதை அந்தந்த வங்கி தீர்மானிக்கும். எந்த வங்கியிலும் சிறாரின் கணக்கில் மிகைப்பற்று கிடையாது. இருக்கும் பணத்தைத்தான் எடுக்க முடியும். அடிப்படைச் சேமிப்புக் கணக்கு என்று கேட்டால் குறைந்தபட்ச இருப்பு வைக்க வேண்டியதில்லை. அஞ்சலகத்திலும் 10 வயதுக்கு மேற்பட்டவர் தம் பெயரிலேயே சேமிப்புக் கணக்குத் தொடங்கலாம். அங்கே குறைந்தது 500 ரூபாய் வேண்டும்.

கணக்கு வைத்திருப்பதற்கு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உடனடிக் காரணம் ஒன்று உண்டு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியிலோ படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் நேரடியாக வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. முதலாவது 2022 செப்டம்பரிலும் இரண்டாவது 2024 ஆகஸ்டிலும் தொடங்கின. கணக்கு மாணவரின் பெயரில் இருக்க வேண்டும். ஆதாருடன் இணைந்திருக்க வேண்டும். ஆதாரில் முதலெழுத்து முன்னும் மதிப்பெண் சான்றிதழில் பின்னும் இருப்பது, ஒரு ஆவணத்தில் ‘ஸ்ரீ’ இருந்து மற்றொன்றில் இல்லாமல் போவது போன்ற சிறு வேறுபாடுகள் கல்லூரிக்குப் போன பிறகு மாதக்கணக்கில் அலைய வைக்கும். பதினொன்றாம் வகுப்பிலேயே ஆதார், மதிப்பெண் சான்றிதழ், பாஸ்புக் ஆகிய மூன்றையும் அருகருகே வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடச் சொல்லுங்கள். ஒரு பாடவேளை போய்விடும், போகட்டும். 18 வயது நிறைந்ததும் கையொப்பத்தையும் அடையாள விவரங்களையும் வங்கியில் புதிதாகத் தர வேண்டும் என்பதையும் அன்றே சொல்லிவிடுங்கள்.

அடுத்து, பெயரையும் கணக்கு எண்ணையும் மறைத்து, ஒரு பாஸ்புக்கின் பக்கத்தைப் படியெடுத்து எல்லோருக்கும் கொடுங்கள். வரவு, பற்று, இருப்பு என்ற மூன்று பத்திகளையும் விரலால் தொட்டுப் படிக்க வேண்டும். நான் கொடுத்த பக்கத்தில் 17 ரூபாய் 70 காசு பற்று ஒன்று இருந்தது. அது குறுஞ்செய்திக் கட்டணமும் அதன்மீதான வரியும். அதற்குச் சில வரிகள் கீழே, கணக்கின் உரிமையாளர் கேட்டு வாங்காத ஒரு காப்பீட்டுக்கான ஆண்டுச் சந்தா கழிக்கப்பட்டிருந்தது. ‘இது எதுக்கு சார் எடுத்திருக்காங்க?’ என்ற கேள்வி பின்வரிசையிலிருந்து வந்தது. அந்தக் கேள்வியை வங்கி முகப்பில் நின்று எப்படிக் கேட்பது, எழுத்தில் எப்படிக் கொடுப்பது, ஒப்புகை முத்திரை வாங்குவது ஏன் என்று அன்றைய வகுப்பு முழுவதும் அதைப் பற்றியே நடந்தது. கடிதம் எழுதும் பயிற்சி தமிழ்ப் பாடத்திலும் இருப்பதால், வங்கி மேலாளருக்கு ஒரு முறையீட்டுக் கடிதத்தை எல்லோரும் எழுதினார்கள்.

வைப்பீட்டுக் காப்பீட்டையும் இங்கேயே சொல்லுங்கள். ஒரு வங்கி நொடித்துப்போனால் அந்த வங்கியில் ஒருவர் வைத்திருக்கும் பணத்தில் அசலும் வட்டியும் சேர்ந்து 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரிக்கு முன் அது 1 லட்சமாக இருந்தது. இந்தக் காப்பு கூட்டுறவு வங்கிகளுக்கும் பொருந்தும். ஆனால் கிராமங்களில் நாம் ‘சொசைட்டி’ என்று சொல்லும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கும், சீட்டு நிறுவனங்களுக்கும், நிதி நிறுவனங்களுக்கும் பொருந்தாது.

மூன்றாம் படி: வட்டி

பன்னிரண்டில் நான்கு பாடவேளைகளை இதற்கே கொடுங்கள். நம் பிள்ளைகளின் குடும்பங்களைத் தூக்குவதும் சாய்ப்பதும் வட்டிதான். வேறு எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்க வேண்டாம்.

முதலில் பேச்சுமொழியைக் கணக்குமொழிக்கு மாற்றுங்கள். ‘ரெண்டு வட்டி’ என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய், அதாவது ஆண்டுக்கு 24 விழுக்காடு. ‘மூணு வட்டி’ 36. ‘பத்து வட்டி’ 120. வங்கி விளம்பரத்தில் காணும் எண் ஆண்டுக்கானது. ஊரில் சொல்லும் எண் மாதத்துக்கானது. இரண்டையும் ஒரே எண்ணாக நினைத்து, ‘வங்கியில ஒன்பது கேக்குறாங்க, இவரு மூணுதான் கேக்குறாரு’ என்று பெரியவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். திருப்பூர்க் குடும்பம் 50,000 ரூபாயை மூணு வட்டிக்கு வாங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 1,500 வட்டி. இருபது மாதம் தவறாமல் கட்டினால் 30,000 போயிருக்கும். அசல் 50,000 அப்படியே நிற்கும். இதைக் கரும்பலகையில் மாதம் மாதமாக இருபது வரிகளாக எழுதுங்கள். சூத்திரத்தில் ஒரே வரியில் முடிப்பதைக் காட்டிலும், மாறாத அந்த 50,000ஐ இருபது முறை பார்ப்பது மனத்தில் பதியும்.

பிறகு தண்டல். பெட்டிக்கடைக்காரரும் பூ விற்பவரும் வைத்திருக்கும் அந்தச் சிறிய அட்டையைப் போல ஒன்றைத் தயார் செய்து கொடுங்கள். மேலே தொகை 10,000. கீழே நூறு கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் தேதியும் சுருக்கொப்பமும். கையில் கிடைப்பது 9,000. முதலிலேயே 1,000 பிடித்துக்கொள்வார்கள். நாளொன்றுக்கு 100 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். வட்டி எவ்வளவு என்று கேட்டால் வகுப்பு ஒரே குரலில் பத்து விழுக்காடு என்று சொல்லும். அப்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். கையில் வந்தது எவ்வளவு? 9,000. முதல் நாள் கையில் இருந்த கடன் 9,000, கடைசி நாள் ஒன்றுமில்லை என்றால், நூறு நாளும் சராசரியாக எவ்வளவு பணம் நம்மிடம் இருந்தது? ஏறத்தாழ 4,500. அந்த 4,500 ரூபாயை நூறு நாள் வைத்திருந்ததற்குக் கொடுத்த வாடகை எவ்வளவு? 1,000. நூறு நாளைக்கு 22 விழுக்காடு என்றால் ஆண்டுக்கு 80 விழுக்காட்டைத் தொடும். துல்லியமாகப் போட்டால் இது சற்றுக் குறையும். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இந்தத் தோராயம் போதும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. தண்டல் வாங்கும் தாயை அறியாதவராகவும் தண்டல்காரரைக் கொடியவராகவும் காட்டிவிடாதீர்கள். ஆவணம் கேட்காமல், விடியற்காலையில் கடை திறக்குமுன், அன்றைக்கே பணம் கொடுப்பவர் அவர் ஒருவர்தான் என்ற நிலையில்தான் மக்கள் அவரிடம் போகிறார்கள். அந்தத் தேவையை மதித்துப் பேசி, அதே 9,000 ரூபாய்க்கு மகளிர் குழு தன் சேமிப்பிலிருந்து உறுப்பினருக்குத் தரும் உள்கடன், கூட்டுறவு வங்கியின் நகைக்கடன், தெருவோர வியாபாரிகளுக்கான ஸ்வநிதித் திட்டக் கடன் போன்றவற்றில் எத்தனை நாள் ஆகும், என்ன ஆவணம் வேண்டும், என்ன செலவாகும் என்று பிள்ளைகளே விசாரித்து வந்து பலகையில் எழுதட்டும். அளவுமீறிய வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் இருப்பதையும், வட்டிக்காகச் சொத்தைப் பறித்தாலும் மிரட்டினாலும் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம் என்பதையும் சொல்லுங்கள்.

கடனுக்குப் போட்ட கணக்கையே சேமிப்புக்கும் திருப்பிப் போடலாம். 72ஐ வட்டி விழுக்காட்டால் வகுத்தால் பணம் இரட்டிப்பாகும் ஆண்டுகள் தோராயமாகக் கிடைக்கும். 6 விழுக்காட்டுச் சேமிப்பு இரட்டிப்பாக 12 ஆண்டு. வட்டிக்கு வட்டி ஏற விட்ட ரெண்டு வட்டிக் கடன் இரட்டிப்பாக 3 ஆண்டு. அஞ்சலகத் தொடர் வைப்பில் மாதம் 100 ரூபாய் வீதம் ஐந்து ஆண்டு கட்டினால் 6,000 கட்டியிருப்போம், 6.7 விழுக்காடு வட்டி என்று கொண்டால் சுமார் 7,136 கிடைக்கும். அதிக வட்டிக் கடன் இருக்கும் வீட்டில் சிறுசேமிப்பைக் கூட்டுவதைவிடக் கடனை முதலில் அடைப்பது லாபம் என்பதை இந்த எண்களே பிள்ளைகளுக்குக் காட்டிவிடும். ‘சேமியுங்கள்’ என்று மட்டும் சொல்லும் வகுப்புகள் இதைத் தவறவிடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

நான்காம் படி: சீட்டு

ஏலச்சீட்டை நடித்தே காட்டுங்கள். பத்துப் பேர், ஆளுக்கு 1,000, பத்து மாதம். காகித நோட்டுகளை வைத்து ஒரே பாடவேளையில் மூன்று ஏலங்களை நடத்தி முடித்துவிடலாம். முதல் மாதம் அவசரத் தேவை உள்ள ஒருவர், 10,000 ரூபாய்ச் சீட்டில் 2,500 ரூபாயை விட்டுக்கொடுத்து, அதாவது தள்ளி, எடுக்கிறார். அவர் கைக்கு 7,500 வருகிறது. தள்ளுத் தொகையில் 500 சீட்டு நடத்துபவரின் கமிஷன். மீதி 2,000 பத்துப் பேருக்கும் 200 வீதம் பிரியும். ஆகவே அந்த மாதம் ஒவ்வொருவரும் 800 கட்டினால் போதும். முன்னதாக எடுப்பவருக்குச் சீட்டு ஒரு கடன், கடைசியில் எடுப்பவருக்கு அது ஒரு சேமிப்பு என்பது மூன்றாவது ஏலத்துக்குள் பிள்ளைகளுக்குத் தானாகப் புரியும். நான்காம் மாதத்தில் சீட்டு நடத்தும் மாணவரை மெல்ல வகுப்பறைக்கு வெளியே போய் நிற்கச் சொல்லுங்கள். பணம் கட்டியவர்கள் எழுந்து அவர் எங்கே என்று தேடுவார்கள். அந்த நேரத்தில் பதிவு பெற்ற சீட்டு என்றால் என்ன என்று விளக்குங்கள். 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி சீட்டைப் பதிவாளரிடம் பதிய வேண்டும், சீட்டுத் தொகைக்கான பிணையத்தையும் முன்கூட்டியே கொடுக்க வேண்டும், கமிஷன் 7 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. 2019 வரை இந்த உச்சவரம்பு 5 ஆக இருந்தது.

அதையொட்டியே முதலீட்டு மோசடிகளையும் பேசலாம். கொங்கு வட்டாரத்தில் ஈமு கோழித் திட்டங்கள் 2012இல் குலைந்ததைப் பெற்றோர் பலர் நேரில் கண்டிருப்பார்கள். அதை அவர்களிடமே கேட்டு வரச் சொல்லுங்கள். மாதந்தோறும் உறுதியான பெருந்தொகை, ஆளைச் சேர்த்தால் கூடுதல் பணம், இன்றே முடிவெடுக்க வேண்டும் என்ற அவசரம் ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால் விலகிவிட வேண்டும். ஒரு நிறுவனம் பொதுமக்களிடம் வைப்பீடு வாங்க அனுமதி பெற்றதா என்பதை ரிசர்வ் வங்கியின் ‘சசேத்’ இணையதளத்தில் பார்க்கலாம். ஏமாந்தவர்கள் காவல்துறையின் பொருளாதாரக் குற்றப்பிரிவை அணுகலாம்.

ஐந்தாம் படி: செல்பேசியில் போகும் பணம்

பல வீடுகளில் யூபிஐ செயலியை இயக்குவது பிள்ளைதான். ஆகவே இந்தப் பாடம் பிள்ளைக்கு மட்டுமல்லாமல் வீட்டுக்கே போய்ச் சேரும். பணம் பெற யூபிஐ ரகசிய எண்ணை (PIN) போட வேண்டியதில்லை, கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யவும் வேண்டியதில்லை. ரகசிய எண் கேட்டால் பணம் நம்மிடமிருந்து போகிறது என்று பொருள். ஓடிபியை யாருக்கும் சொல்லக் கூடாது. பணம் போய்விட்டது என்று தெரிந்த உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். முதல் சில மணி நேரத்துக்குள் அழைத்தால் பணத்தை இடையிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம். திட்டு விழும் என்று பயந்து பிள்ளைகள் மறைத்துவிடுவதால்தான் அந்த மணி நேரங்கள் வீணாகின்றன. பெற்றோர் கூட்டத்தில் இதைத் தனியாக எடுத்துச் சொல்லுங்கள்.

பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளில் வங்கிக் கணக்கை வாடகைக்கு விடுவதைப் பற்றி அழுத்தமாகப் பேச வேண்டும். ‘உன் பாஸ்புக்கையும் ஏடிஎம் அட்டையையும் சிம்மையும் கொடு, மாதம் இவ்வளவு தருகிறோம்’ என்று யாராவது கேட்டால், ஏமாற்றிப் பறித்த பணத்தை நகர்த்த அந்தக் கணக்கைப் பயன்படுத்தப்போகிறார்கள். கணக்கு முடக்கப்படும், வழக்கும் கணக்கின் உரிமையாளர்மேல்தான் வரும். பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடை செய்திருக்கிறது என்பதையும், உடனடிக் கடன் செயலிகள் தொடர்பு எண்களையும் படங்களையும் பார்க்க அனுமதி கேட்பது மிரட்டுவதற்கே என்பதையும் அந்த வகுப்பிலேயே சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

ஆறாம் படி: கல்விக் கடன்

பன்னிரண்டாம் வகுப்புக்கு மட்டும். கல்விக் கடனில் 4 லட்சம் வரை மாணவர் தம் பங்காகத் தொகை போட வேண்டியதில்லை, 7.5 லட்சம் வரை அரசின் கடன் உத்தரவாதத் திட்டத்தின்கீழ் சொத்துப் பிணையம் இல்லாமல் வழங்கப்படுகிறது. கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம் என்பதைக் கேட்டதும் பிள்ளைகள் அந்தக் காலத்துக்கு வட்டியே இல்லை என்று எண்ணிக்கொள்வார்கள். வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். 3 லட்சம் ரூபாய்க்கு ஐந்து ஆண்டுத் தனி வட்டியை அவர்களையே போடச் சொல்லி, படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டிவந்தால் தவணை எவ்வளவு குறையும் என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

உதவி கேட்கத் தயங்க வேண்டாம். மாவட்டத்தின் வங்கிப் பணிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கியின் நிதிசார் கல்வி மையம் மாவட்டந்தோறும் இருக்கிறது. அழைத்தால் ஆலோசகர் பள்ளிக்கு வருவார். ரிசர்வ் வங்கி தமிழிலும் விழிப்புணர்வுக் கையேடுகளை இலவசமாகத் தருகிறது. வருபவர் எந்தத் திட்டத்தையும் விற்கக் கூடாது, மாணவரின் எண்களை வாங்கிச் செல்லக் கூடாது என்பதை மட்டும் முன்கூட்டியே தலைமையாசிரியர் வழியாகத் தெரிவித்துவிடுங்கள்.

கடைசி வகுப்பில்

எழுத்துத் தேர்வு வைக்காதீர்கள். மேசைமேல் ஐந்து தாள்களை வையுங்கள்: ஒரு தண்டல் அட்டை, ஓர் அடகு ரசீது, நுண்கடன் நிறுவனத்தின் வாரத் தவணை அட்டை, ஒரு நகைச் சீட்டு அட்டை, ஒரு கடன் செயலியின் ஸ்கிரீன்ஷாட். நான்கு பேர் கொண்ட குழு ஒவ்வொரு தாளையும் எடுத்து, கையில் வருவது எவ்வளவு, மொத்தம் கட்ட வேண்டியது எவ்வளவு, எத்தனை நாளில், தவறினால் என்ன போகும் என்ற நான்கையும் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். விடை தாளிலேயே இல்லாத இடங்களும் இருக்கும். அடகு ரசீதில் பெரும்பாலும் நகையின் எடையும் தொகையும் இருக்கும், ஆனால் எத்தனை நாள் தாண்டினால் ஏலத்துக்குப் போகும் என்பது மடித்த ஓரத்தில் பொடி எழுத்தில் மறைந்திருக்கும் அல்லது இருக்கவே இருக்காது. சென்ற முறை ஒரு குழு அந்தக் கட்டத்தில் விடை எழுதவில்லை. ‘கேட்டு எழுதி வாங்க வேண்டும்’ என்று எழுதியிருந்தது. அந்தக் குழுவுக்கு முழு மதிப்பெண் கொடுத்தேன்.